கப்பல் பட்டியலை விடுங்கள், வங்கிப் பேரேட்டைத் தேடுங்கள்

கேள்வி: நான் மதுரைப் பெண். திருமணமாகி நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கணவர் ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கர், குடும்பப் பெயர் சலிவன். மாமனாருக்கு 78 வயது. அவருடைய கொள்ளுத்தாத்தாதான் முதலில் அமெரிக்கா வந்தவராம். "பஞ்ச காலத்தில் கார்க்கிலிருந்து வந்தார், எல்லிஸ் தீவில் இறங்கினார், அங்கே அதிகாரி ஓ'சலிவனைச் சலிவன் ஆக்கிவிட்டார், உள்நாட்டுப் போரில் சண்டை போட்டார்." மாமனாருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மகளின் பள்ளி வேலைக்காகத் தொடங்கியது, இப்போது எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. 1860, 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அவரைப் பிடித்துவிட்டேன். மனைவி, மூத்த பிள்ளைகள் பெயரெல்லாம் பொருந்துகிறது. மன்ஹாட்டன் ஆறாவது வார்டு, கூலித் தொழிலாளி, பிறந்த இடம் 'அயர்லாந்து'. ஆனால் ஒன்றில் வயது 28, அடுத்ததில் 35! கப்பல் பட்டியலில் அதே பெயரில் பலர் இருக்கிறார்கள். யாரோ இணையத்தில் போட்டிருக்கும் குடும்ப மரம், அவர் கார்க் கவுண்டியின் மேற்கே உள்ள ஸ்கிபரீன் ஊரில் பிறந்தவர் என்று சொல்லி, அயர்லாந்தின் பழைய அரசர் பிரையன் போரு வரை கொண்டுபோகிறது. அதை நம்பலாமா? சொந்த ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? டி.என்.ஏ. பரிசோதனை உதவுமா? அயர்லாந்தில் ஆள் வைத்துத் தேடலாமா? கடைசியாக, கணவருக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவருடைய முதற்பெயரை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே வெளியிடவில்லை. அயர்லாந்தில் வீதிக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர் அது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் உங்கள் சிக்கலில் பாதி அதுதான். சலிவன் என்பது அயர்லாந்தின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்று. தென்மேற்கில் உள்ள கார்க், கெர்ரி இரண்டு கவுண்டிகளிலும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) கொத்துக்கொத்தாகக் கிடக்கிறது. ஒரே திருச்சபைப் பங்கில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால்தான் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் சலிவன்களைப் பிரித்தறிய ஒவ்வொரு கிளைக்கும் பட்டப்பெயர் வைத்தார்கள். நம் ஊரில் 'கருப்பட்டிக்காரர் வீடு' என்பது போல.

மாமனார் சொன்ன கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு துண்டு ஒன்றோடொன்று ஒட்டாது. பெரும்பஞ்சம் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியதில் தொடங்கி 1852 வரை இழுத்தது. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தது 1892 ஜனவரி 1. பஞ்சத்தில் வந்தவர் அங்கே இறங்கியிருக்க வழியே இல்லை. மன்ஹாட்டன் முனையில் காசில் கார்டன் குடியேற்ற நிலையம்கூட 1855 ஆகஸ்டில்தான் திறந்தது. அதற்கு முன்னால் வந்தவர்கள் கப்பல் நின்ற துறையில் இறங்கி, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குள் நடந்துவிட்டார்கள். இன்றைக்கு எல்லிஸ் தீவு அருங்காட்சியகமாகிவிட்டதால், அமெரிக்காவில் எல்லாக் குடும்பமும் தன் முன்னோரை அங்கேயே இறக்கிவிடுகிறது. மாமனார் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொல்கிறார்.

பெயரை அதிகாரி மாற்றினார் என்பதும் அப்படித்தான். எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுதிக்கொடுத்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். 'ஓ' உதிர்ந்தது அயர்லாந்திலேயே நடந்தது. ஆங்கில ஆட்சியில், ஆங்கிலத்தில் பதிவேடு எழுதிய காலத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் முன்னொட்டை விட்டுவிட்டன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி வந்தபோது பலர் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். ஆகவே அங்கேயே தங்கிவிட்ட தம்பியின் வாரிசுகள் இன்று ஓ'சலிவனாக இருக்கலாம். தேடும்போது இரண்டு வடிவத்திலும் தேடுங்கள்.

'கார்க்' என்பதை மட்டும் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் அது கவுண்டியின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்துக் கெர்ரிக்காரர் கார்க் நகரம் வழியாகக் கிளம்பியிருந்தாலும் "கார்க்கிலிருந்து வந்தோம்" என்றே பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார். இந்த விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன்.

வயது விஷயத்தில் கவலையே வேண்டாம். பத்து ஆண்டில் ஏழு வயது கூடியது பஞ்சத் தலைமுறைக்குச் சாதாரணம். அவர்களுக்குப் பிறந்தநாள் தெரியாது, கேட்டவரிடம் தோராயமாகச் சொன்னார்கள். பல நேரம் பதில் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண். 1909-இல் அயர்லாந்தில் 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்ததும் நடந்தது இதற்கு நேர் எதிர்: 1901 கணக்கெடுப்பில் 55 என்றவர் 1911-இல் 70-ஐத் தாண்டியிருப்பார். உங்களவருக்கு 1828-க்கும் 1836-க்கும் இடையில் என்று அகலமாக வலை விரியுங்கள்.

இணையக் குடும்ப மரத்துக்கு வருவோம். நம்பாதீர்கள். பிரையன் போரு 1014-இல் குளோன்டார்ஃப் சண்டையில் இறந்தவர். டால் காஷ் என்ற குலத்தவர். சலிவன்கள் தங்கள் வழியாகச் சொல்லிக்கொள்வது அயர்லாந்தின் தென்பகுதியான மன்ஸ்டரின் பழைய ஆளும் குலமான ஓகனாக்டாவை. அந்த ஓகனாக்டாவிடமிருந்து மன்ஸ்டர் அரியணையைப் பறித்ததே டால் காஷ் குலம். யாரோ பகையாளி வீட்டில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டார்கள்! உச்சியில் ராஜா இருக்கும் குடும்ப மரத்தைப் பார்த்தால், நான் மேலே பார்ப்பதில்லை; அடியில் 1830-ஐச் சுற்றி என்ன ஆதாரம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். உங்கள் மரத்தில் அந்த இடத்தில் இருப்பது ஒரே ஒரு ஞானஸ்நானப் பதிவு. பெயர் பொருந்துகிறது என்பதைத் தவிர, அந்தக் குழந்தைதான் மன்ஹாட்டனுக்கு வந்தது என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை.

பெயர்ப் பொருத்தம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு எல்லிஸ் தீவிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. அங்கே முதன்முதலில் பதிவான பயணி ஆனி மூர், கார்க்கிலிருந்து இரண்டு தம்பிகளோடு 'நெவாடா' கப்பலில் வந்த சிறுமி. அவள் பின்னர் டெக்சாஸ் போனாள், 1923-இல் டிராம் வண்டி மோதி இறந்தாள் என்று பல ஆண்டுகள் சொன்னார்கள். அந்த டெக்சாஸ் பெண்ணின் வாரிசுகளை விழாக்களுக்கு அழைத்து மரியாதையும் செய்தார்கள். 2006-இல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற குடும்ப வரலாற்று ஆய்வாளர் ஆவணங்களை வைத்துக் காட்டியது: டெக்சாஸ் ஆனி மூர் அமெரிக்காவிலேயே, இல்லினாயில் பிறந்தவர். உண்மையான ஆனி மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியை விட்டு எங்கும் போகவில்லை. அங்கேயே ஜெர்மன் வம்சாவளிக்காரர் ஒருவரை மணந்து, பிள்ளைகள் பெற்று, 1924-இல் இறந்து, குவீன்ஸில் கால்வரி கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தார். சிலையே வைக்கப்பட்ட பெண்ணுக்கு இந்தக் கதி என்றால், ஆறாவது வார்டுக் கூலிக்காரருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி, ஊர். நீங்கள் கப்பல் பட்டியலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அதை இன்றோடு நிறுத்துங்கள். 1850-ஐ ஒட்டிய அந்தப் பட்டியல்களில் பெயர், வயது, ஆணா பெண்ணா, தொழில், நாடு, அவ்வளவுதான் இருக்கும். அவருடைய வரியை நீங்கள் கண்டுபிடித்தாலும் அது அவருடைய வரி என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. கட்டணம் மலிவு என்பதால் கனடாவில் இறங்கி நடந்தோ படகிலோ தெற்கே வந்தவர்கள் பலர்; அவர்களுக்கு அமெரிக்கப் பட்டியலே கிடையாது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் புரியும். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் பேரின் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறது. டர்பனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் தன் ஊரைக் கண்டுபிடிப்பது, பாஸ்டனில் இருக்கும் ஐரிஷ் குடும்பம் கண்டுபிடிப்பதைவிட எத்தனையோ சமயம் எளிது. காரணம் இரக்கமல்ல, ஒப்பந்தம். ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், ஐந்து ஆண்டு உழைப்பு கணக்கில் வர வேண்டும். ஐரிஷ்காரர் தன் டிக்கெட்டில், அல்லது முன்னே போன அக்கா அனுப்பிய டிக்கெட்டில் போனார். அவர் எந்த ஊர் என்று தெரிந்துகொள்வதால் யாருக்கும் காலணா லாபமில்லை.

ஆகவே நான் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இவர் தன் வாழ்நாளில் எந்தெந்த இடத்தில் "நான் இன்னார்தான்" என்று நிரூபிக்க வேண்டியிருந்தது? பணம் கைமாறிய இடம், சடங்குக்கு அனுமதி வாங்கிய இடம், காணாமல் போனவரைத் தேடிய இடம். ஊர்ப் பெயர் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் விஷயத்தில் முதல் இடம் வங்கி. 1850-இல் நியூயார்க்கில் ஐரிஷ் குடியேறிகளுக்காகவே எமிக்ரண்ட் சேமிப்பு வங்கி தொடங்கியது. எழுத்தறியாதவர்கள் பணம் போட்டார்கள், கையெழுத்தால் ஆளை அடையாளம் காண முடியாது. அதனால் கணக்குத் தொடங்கும்போதே சொந்தக் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்: எந்த ஊரில் பிறந்தாய், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தாய், அப்பா அம்மா பெயர் என்ன, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, உயிரோடு இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள், உடன்பிறந்தவர்கள் யார் யார். பணம் எடுக்க வருபவரிடம் அதையே திருப்பிக் கேட்டுச் சோதிப்பார்கள். திருட்டைத் தடுக்க எழுதிய அந்தச் சோதனைப் பேரேடுகள் இன்று ஐரிஷ் குடும்ப வரலாற்றின் பொக்கிஷம். மூலம் நியூயார்க் பொது நூலகத்தில், படிமங்கள் ஆன்செஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இருக்கின்றன. ஆறாவது வார்டிலிருந்து வங்கி கூப்பிடு தூரம்.

ஆறாவது வார்டு என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஃபைவ் பாயிண்ட்ஸ் என்று பெயர் கெட்டுப்போன குடிசைப் பகுதி அந்த வார்டில்தான் இருந்தது. அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்கள் அயர்லாந்து முழுவதிலிருந்தும் சீராக வந்தவர்கள் இல்லை. ஸ்லைகோ, கார்க், கெர்ரி என்ற மூன்று கவுண்டிக்காரர்கள் அதிகம். கெர்ரிக்காரர்களில் பெரும் கூட்டம் கென்மேர் ஊரைச் சுற்றியிருந்த லேன்ஸ்டவுன் பிரபுவின் பண்ணையிலிருந்து வந்தது. பஞ்சத்தில் அந்தப் பக்கம் மிக மோசமாக அடிபட்டது. 1851 தொடக்கத்தில் பண்ணையின் முகவர் ஸ்டூவர்ட் டிரெஞ்ச் கணக்குப் போட்டுப் பார்த்தார்: இவர்களை ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிட, கப்பல் கட்டணம் கொடுத்து அனுப்பிவிடுவது பிரபுவுக்கு மலிவு. வாராவாரம் கூட்டம் கூட்டமாகக் கார்க் நகரத்துக்கு அனுப்பினார், அங்கிருந்து லிவர்பூல், அங்கிருந்து நியூயார்க். கந்தலோடு இறங்கிய அதே ஆட்களில் பலர் சில ஆண்டுகளிலேயே எமிக்ரண்ட் வங்கியில் நூறு டாலருக்கு மேல் சேர்த்திருந்தார்கள் என்பது பேரேட்டில் தெரிகிறது. ஃபைவ் பாயிண்ட்ஸ் என்றால் குடியும் அடிதடியும் மட்டும்தான் என்று எழுதித் தள்ளியவர்களுக்கு இந்தப் பேரேடு நல்ல பதில்.

குடும்பப் பெயர் சலிவன், ஆறாவது வார்டு, "கார்க்கிலிருந்து வந்தோம்" என்ற நினைவு. மூன்றும் சேர்ந்தால் கென்மேர் என்ற ஊகம் தானாக வருகிறது. கவனியுங்கள், ஊகம்தான். மேற்குக் கார்க்கும் அதே அளவு சாத்தியம். ஆனால் ஸ்கிபரீன் என்று யாரோ போட்டதைவிட இதற்குக் காரணம் வலுவாக இருக்கிறது, சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது.

சோதிக்க அடுத்த இடம் கோயில். அந்தப் பகுதி கத்தோலிக்கர்களின் பங்குக் கோயில் மாட் தெருவில் உள்ள திருவுருமாற்ற ஆலயம், டிரான்ஸ்ஃபிகரேஷன் சர்ச். அங்கே திருமணப் பதிவேட்டில் மாப்பிள்ளை, பெண் இருவரும் பிறந்த இடத்தை எழுதிவைத்தார்கள், பல நேரம் பங்கின் பெயரோடு. நியூயார்க் உயர்மறைமாவட்டத்தின் பதிவேடுகள் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் கிடைக்கின்றன. மூத்த பிள்ளையின் வயதை வைத்து, அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் தேடுங்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவையும் விடாதீர்கள். அதில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். ஞானப்பெற்றோர் அநேகமாக மாமன், சித்தி, ஊர்க்காரர்.

இங்கே ஒரு வார்த்தை. நீங்களும் மாமனாரும் அந்த ஒருவரையே துரத்துகிறீர்கள். அவர் மனைவியை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்கள் கடிதத்தில் அந்த அம்மாளுக்குப் பெயர்கூட இல்லை. கென்மேர்ப் பையன் கென்மேர்ப் பெண்ணைத்தான் கட்டியிருப்பான் என்பது அந்த வார்டில் மோசமான பந்தயம் இல்லை. அவளுடைய குடும்பப் பெயர் சலிவன் அளவுக்குப் பரவலாக இல்லாவிட்டால், ஊரைக் காட்டிக்கொடுப்பது அவளாகத்தான் இருக்கும். அவருக்கு அக்கா தங்கை இருந்தார்களா என்றும் பாருங்கள். ஐரிஷ் பெண்கள் பெரும்பாலும் தனியாகவே வந்து, வீட்டு வேலை செய்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தம்பிகளுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாவது இடம் போர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்தார் என்பது உண்மையானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நியூயார்க் ஐரிஷ்காரர் என்றால் எல்லாரும் 69-ஆம் படைப்பிரிவு, தளபதி மாகரின் ஐரிஷ் பிரிகேட் என்று சொல்லிக்கொள்வார்கள். அது புகழ்பெற்ற பிரிவு, ஆனால் வேறு பல பிரிவுகளிலும் ஐரிஷ்காரர்கள் நிறைந்திருந்தார்கள். படைப்பிரிவை மாமனார் சொல்வதை வைத்து முடிவுகட்டாமல், ஓய்வூதிய அட்டவணையில் மனைவி பெயரோடு தேடுங்கள். அவரோ, பிறகு விதவையோ ஓய்வூதியம் கேட்டிருந்தால் கோப்பு வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். விதவை தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டும், பிள்ளைகளின் வயதை நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதபோது ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து வாக்குமூலம் கொடுக்க வைப்பார்கள்: "இவரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர்." இப்படி ஒரு வரி போதும். படிமங்களாகக் கிடைக்காத கோப்பென்றால் காசு கட்டி முழுக் கோப்பையும் வாங்குங்கள், சுருக்கப் பிரதி வேண்டாம். ஊர்க்காரர் வாக்குமூலம் இருப்பது சுருக்கத்தில் விடுபடும் பக்கங்களில்தான்.

குடியுரிமைப் பத்திரத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1906-க்கு முந்தியவற்றில் "விக்டோரியா அரசியின் குடிமகனாக இருந்தவர்" என்பதற்கு மேல் அபூர்வமாகத்தான் இருக்கும். ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாஸ்டனிலிருந்து வந்த 'பைலட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை 'காணாமல் போன நண்பர்கள்' என்ற பகுதியில் விளம்பரம் போட்டது. கெர்ரியில் இன்ன பங்கில் இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார், இன்ன ஆண்டு நியூயார்க்கில் இறங்கினார், கடைசியாக ஓஹையோவில் ரயில் பாதை வேலை செய்ததாகக் கேள்வி, தெரிந்தவர்கள் அக்காவுக்கு எழுதவும் என்கிற மாதிரி இருக்கும். பாஸ்டன் கல்லூரி இவற்றைத் தொகுத்திருக்கிறது. உங்களவரை யாரும் தேடியிருக்க வேண்டும் என்பதில்லை. அவர் யாரையாவது தேடியிருக்கலாம். இந்த விளம்பரங்களைத் தேவையில்லாமல்கூட நான் வாசித்துக்கொண்டிருப்பதுண்டு. ஒரு தேசமே தன் உடன்பிறந்தவர்களைத் தொலைத்துவிட்டுக் கூவியது அதில் கேட்கும்.

எல்லிஸ் தீவை முழுக்க ஒதுக்கவும் சொல்லமாட்டேன். ஊரில் இருந்த தம்பி மகளோ, அவள் பிள்ளையோ 1900-க்குப் பிறகு வந்திருக்கலாம். அப்போதைய பட்டியலில் அமெரிக்காவில் யார் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டார்கள்; சுமார் 1907 முதல் பிறந்த ஊரையும், தாய்நாட்டில் உள்ள நெருங்கிய உறவினரின் பெயர், முகவரியையும் எழுதினார்கள். உங்கள் குடும்பம் 1900, 1910-இல் இருந்த வீட்டு முகவரியை வைத்து, அங்கே வந்து சேர்ந்த சலிவன் பெண்களைத் தேடுங்கள். மாமனாரின் கதையில் எல்லிஸ் தீவு நுழைந்தது இப்படி ஓர் அத்தை வழியாகவும் இருக்கலாம்.

மாமனாரிடம் திரும்பப் பேசுங்கள், ஆனால் "அவர் எந்த ஊர்" என்று கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை என்று அவருக்கே பழகிவிட்டது. வீட்டில் யாருக்கு அயர்லாந்திலிருந்து கடிதம் வரும், யாருடைய சாவுக்கு எந்தக் கல்லறைத் தோட்டம் போனீர்கள், அப்பா எந்தக் கவுண்டிக்காரர் சங்கத்து விருந்துக்குப் போவார், ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்த நினைவு அட்டைகள் எங்கே என்று கேளுங்கள். கால்வரியில் குடும்பக் கல்லறை இருந்தால் கல்லைப் போய்ப் பாருங்கள். "கெர்ரி கவுண்டி, இன்ன பங்கில் பிறந்தவர்" என்று கல்லில் வெட்டுவது அந்தத் தலைமுறையின் வழக்கம். நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகம் பழைய இறப்புச் சான்றிதழ்களை 2022 முதல் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அவர் 1880-க்குப் பின் இறந்திருந்தால் பெற்றோர் பெயர் அதில் இருக்க நல்ல வாய்ப்பு. பிள்ளைகளின் பெயர் வரிசையையும் எழுதிப் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று வைப்பது ஐரிஷ் வழக்கம். நமக்கு விளக்க வேண்டியதில்லை. சட்டமில்லை என்றாலும் இறப்புச் சான்றிதழில் வரும் பெயரோடு பொருந்தினால் மனதுக்குத் தெம்பு.

பங்கின் பெயரோ, டவுன்லேண்ட் பெயரோ கையில் வந்த பிறகுதான் கடலைத் தாண்ட வேண்டும். டவுன்லேண்ட் என்பது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு, சில வீடுகளும் வயல்களும். நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. நியூயார்க் எழுத்தர் கெர்ரிக்காரரின் உச்சரிப்பைக் காதில் கேட்டபடி எழுதியிருப்பார். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படித்து, அயர்லாந்தின் அரசு ஊர்ப்பெயர்த் தளத்தில் ஒப்பிடுங்கள்.

அங்கே என்ன கிடைக்கும் என்பதில் முன்கூட்டியே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் சில துண்டுகள் தவிரச் சாம்பல். 1861-உம் 1871-உம் அதற்கு முன்பே அரசு உத்தரவில் அழிக்கப்பட்டவை; 1881, 1891 முதல் உலகப்போரின்போது காகிதக் கூழாகப் போயின. முழுதாக மிஞ்சிய பழைய கணக்கெடுப்பு 1901, 1911. இது தெரிந்தவுடன் பலர் அயர்லாந்தில் எல்லாமே எரிந்துவிட்டது என்று கையை விரித்துவிடுகிறார்கள். கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகள் எரியவில்லை, அவை பங்குச் சாமியாரிடமே இருந்தன. கெர்ரி மறைமாவட்டப் பதிவுகளை 'ஐரிஷ் ஜீனியாலஜி' என்ற அரசு தளத்தில் பெயர் போட்டே இலவசமாகத் தேடலாம். மற்ற பங்குகளின் பக்கப் படிமங்கள் தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசம். பெயர்கள் லத்தீனில் இருக்கும். ஜேம்ஸ் என்பவர் ஜாக்கோபஸ் என்றும், வில்லியம் குலியெல்மஸ் என்றும் உட்கார்ந்திருப்பார்கள்.

கிரிஃபித் மதிப்பீடு என்ற நிலவரிக் கணக்கு 1847-க்கும் 1864-க்கும் இடையில் கவுண்டி கவுண்டியாக வெளியானது. உங்களவர் அதற்குள் கப்பலேறியிருப்பார், அவர் பெயரைத் தேடாதீர்கள். அப்பாவையோ அண்ணனையோ தேடுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பத்தியில் லேன்ஸ்டவுன் பிரபு பெயர் இருந்தால் நம் ஊகத்துக்குக் கொஞ்சம் உயிர் வரும். அதன் பிறகான திருத்தப் புத்தகங்கள் டப்ளினில் உள்ளன. குத்தகைக்காரர் மாறும்போதெல்லாம் வேறு நிற மையில் அடித்து எழுதினார்கள். ஒரே வயலை மை நிறம் பார்த்தே இருபதாம் நூற்றாண்டுக்குள் கொண்டுவரலாம்.

இன்னொரு ரகசியக் கதவு. முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, பிறப்புப் பதிவு இல்லாத கிழவர்கள் (அயர்லாந்தில் எல்லாருக்கும் பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது) வயதை நிரூபிக்க, 1841, 1851 கணக்கெடுப்பில் என் பெயரைத் தேடிச் சொல்லுங்கள் என்று மனுப் போட்டார்கள். எழுத்தர் தேடிக் கண்டதை மனுவிலேயே குறித்தார். மூலம் எரிந்துவிட்டது, மனுக்கள் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1840-களில் பிறந்த தம்பியோ தங்கையோ ஊரிலேயே தங்கி 70 வயது வரை வாழ்ந்திருந்தால், பெற்றோர் பெயரும் டவுன்லேண்டும் அந்த மனுவில் இருக்கும். மறுபடியும் அதே கதைதான், பணம் வாங்க வேண்டுமென்றால் ஆளை நிரூபிக்க வேண்டும்.

டி.என்.ஏ. உதவும், ஆனால் பரிசோதிக்க வேண்டியது மகளையோ கணவரையோ அல்ல, மாமனாரை. தலைமுறைக்குத் தலைமுறை பாதி கரைந்துபோகும். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் உடன்பிறந்தார் வழியில் அதே தலைமுறையில் வருபவர் அவருக்கு மூன்றாம் நிலை ஒன்றுவிட்ட சகோதரர். அந்த நிலையில் சுமார் பத்தில் ஒன்பது பேருக்குப் பொருத்தம் தெரியும். ஒரு நிலை தள்ளினால் பாதிப் பேருக்கே தெரியும். "62 சதவீதம் அயர்லாந்து" என்கிற மாதிரி வண்ண வரைபடத்தைப் பார்த்து மகிழுங்கள், ஊர் அதில் வராது. பொருந்தும் உறவினர்களின் குடும்ப மரங்களில் ஒரே பங்கின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் விஷயம். அவருக்கு 78 வயது. காகித வேலை காத்திருக்கும், எச்சில் மாதிரியை இந்த மாதமே எடுத்துவிடுங்கள். குடும்பத்தில் யாருக்கும் தெரியாத உறவு வெளிப்படக்கூடும் என்பதை முதலில் அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

அயர்லாந்தில் ஆள் வைப்பதற்கு இன்னும் நேரம் வரவில்லை. "கார்க் அல்லது கெர்ரி, சலிவன்" என்று கொடுத்தால் யாராலும் உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது, மணிக்கணக்கு மட்டும் ஓடும். பங்கு தெரிந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் சங்கத்தில் ஒருவரைப் பிடித்து, திருத்தப் புத்தகம், ஓய்வூதிய மனு, பண்ணைக் கணக்கு என்று குறிப்பிட்டு வேலை கொடுங்கள். டப்ளின் போகிற வாய்ப்பு வந்தால் தேசிய நூலகத்தில் இலவச ஆலோசனையே கிடைக்கும்.

பாஸ்போர்ட் கிடைக்காது. தாத்தா பாட்டியில் ஒருவராவது அயர்லாந்தில் பிறந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய தலைமுறை என்றால், பிள்ளை பிறப்பதற்கு முன்பே தகப்பனோ தாயோ வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு இந்த முன்னோர் இன்னும் மேலே போய்விடுகிறார். கணவரின் அம்மா வழியில் யாராவது 1900-க்குப் பிறகு வந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.